கவர்னர் எபனேசரின் மனைவியாக நான்

அமெரிக்காவில் ஒரு மாகாணத்துக் கவர்னருக்கு நான் மனைவியாக வாழ்ந்த மாலைப்பொழுதைப் பற்றி இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் மீசையை எடுத்த விஷயத்தை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனதற்கு, எதற்காக எடுத்தீர், யாருக்காக எடுத்தீர் என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதற்காகத்தான் எடுத்தேன்.

தகர டப்பா செய்யும் எங்கள் கம்பெனியின் பின்பக்கக் கிடங்கு. ஆயுத பூஜை சாயங்காலம். மேடைக்கு முன்னால் பாதித் திருவொற்றியூர் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நான், பழைய வெல்வெட் திரையை வெட்டித் தைத்த கவுனுக்குள் நின்று வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஆர்மோனியம் கோதண்டம் வாத்தியார் கையில் மஞ்சள் கயிற்றோடு வருகிறார்.

"தலைய குனி நைனா."

"வாத்தியாரே, அமெரிக்காக்காரிக்குத் தாலி ஏது?"

"தாலி இல்லாத பொஞ்சாதிய எம்மேடையில ஏத்தமாட்டேன். அப்பால ஜனங்க கவர்னரைப் பத்தி இன்னா நெனைக்கும்?"

கவர்னரின் மானம் என் கழுத்தில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குனிந்தேன்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் இப்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அந்த நாடகத்தை நம்பி ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது. என் தோஸ்து எல்லப்பனின் வேலை அதில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல இரண்டு மாதம் பின்னால் போகவேண்டும்.

மத்தியானமே வந்த சாயங்காலம்

எங்கள் பக்கத்தில் அந்த நாளில் நேரம் என்றால் கம்பெனிச் சங்குதான். விடியற்காலைச் சங்குக்கு எழுந்திருப்போம், பகல் சங்குக்குச் சாப்பிடுவோம், ஆறு மணிச் சங்குக்கு வீடு திரும்புவோம். அந்தச் சங்கை ஊதுகிறவன் எல்லப்பன். பாய்லர் ஆள். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருவான். அவன் அறையிலும் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. எண்ணெய்ப் புகை படிந்து அதன் முகம் எப்போதோ கறுத்துப்போயிருந்தது.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு நாள். மத்தியானம் கருவாட்டுக் குழம்பைப் பலமாகச் சாப்பிட்டுவிட்டு, பாய்லர் சூட்டில் எல்லப்பன் கண்ணயர்ந்துவிட்டான். மூன்று மணி இருக்கும். கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து ஊரே இருண்டுபோயிற்று. திடுக்கிட்டு விழித்தவன் வெளியே எட்டிப் பார்த்தான். இருட்டு. ஐயோ, பொழுது போய்விட்டதே என்று ஓடிப்போய்ச் சங்கை இழுத்துவிட்டான்.

ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. கையில் கடிகாரம் கட்டியிருந்த நாலைந்து பேரும் சங்கைக் கேட்டதும் முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். அவர்களில் முதல்வர் எங்கள் ஹெட்கிளார்க் ஞானமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் தம்பி காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். "இந்த வாட்சு வரவர சோம்பேறியாப் போச்சு வே" என்று அதைத் திட்டிக்கொண்டே குடையை எடுத்தார்.

கம்பெனி காலியாயிற்று. வீடுகளில் பெண்கள் பதறிப்போய் உலை வைத்தார்கள். கோயில் தெருக் கடைகளில் விளக்கேற்றினார்கள். ஸ்டேஷனில் ஒரு கூட்டம் நின்று, ஆறரை ரயிலை இன்னும் காணோமே என்று கத்திக்கொண்டிருந்தது. பால்காரர் செம்போடு உட்கார்ந்தார். திருவொற்றியூரிலேயே மாடு ஒன்றுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேகம் கலைந்தது. சுள்ளென்று வெயில் அடித்தது. அப்போதும் பாதிப் பேர் சூரியனைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

கம்பெனிக்குள் மிச்சம் இருந்த ஒரே ஆள் எங்கள் மானேஜர் டாக்வெல் துரை. அமெரிக்காக்காரர். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், மிஷின்கள் ஓடுவதையும் மனிதர்கள் இல்லாததையும் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

எல்லப்பனைச் சஸ்பெண்ட் செய்தார். ஆயுத பூஜை கழிந்ததும் ஒரேயடியாகச் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். கும்பலாகப் போய்க் கேட்டோம், தனித்தனியாகப் போய்க் கெஞ்சினோம். அசையவில்லை. எல்லப்பனுக்கு மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில். "சட்டம் சட்டம்தான்" என்றார் துரை. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆளுக்கொரு கவர்னர்

துரையின் அறையில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கும். நெஞ்சுவரை தாடி, கறுப்புக் கோட்டு, யாரையோ அடிக்கப் போவதுபோல் உயர்த்திய வலது கை. அது அவருடைய கொள்ளுத்தாத்தா, போன நூற்றாண்டில் கவர்னராக இருந்த எபனேசர் டாக்வெல். எந்த மாகாணம் என்பது இன்றுவரை என் வாயில் நுழையவில்லை.

துரைக்கு ஊர் ஞாபகம் அதிகம். கையெழுத்து வாங்கப் போகிறவர்களை நிற்கவைத்துக் கொள்ளுத்தாத்தாவின் கதையைச் சொல்வார். காலையில் போகிறவர்களுக்குப் பிறப்பு வளர்ப்பு. பகலில் போகிறவர்களுக்கு அரசியல். எந்த நேரமானாலும் கதை முடிவதற்குள் டெலிபோன் மணி அடித்துவிடும். அதனால் எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு துண்டு கவர்னர் இருந்தார். முழுக் கவர்னர் யாரிடமும் இல்லை.

பேரைக் கேட்டதுமே ஞானமுத்து சொந்தம் கொண்டாடிவிட்டார். "எபனேசரா? எங்க பெரியப்பா பேரும் எபனேசர்தான் வே. விசாரிச்சா எங்கயாவது ஒரு சம்பந்தம் வரும்." ராயபுரத்திலிருந்து வந்த தொழிலாளிகளும் விடவில்லை. அங்கே தெருவுக்கு நாலு எபனேசர் உண்டு.

இந்த ஞானமுத்துவுக்குத்தான் யோசனை உதித்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு ராஜா நாடகம் போடுவோம். இந்த வருஷம் துரையின் கொள்ளுத்தாத்தாவையே மேடையேற்றினால் என்ன? மனிதர் குளிர்ந்துபோவார். குளிர்ந்த சமயம் பார்த்து எல்லப்பனுக்காகக் கேட்டுவிடலாம்.

கணக்குப் பிரிவு, ஸ்டோர், பெயிண்ட் பிரிவு என்று எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னோம். எபனேசர் பனிக்காட்டில் ஓர் ஏழை விவசாயிக்குப் பிறந்தவர். சின்ன வயதில் தோல் கிடங்கில் கூலி வேலை. ராத்திரியில் மெழுகுவத்தி வைத்துச் சட்டம் படித்து வக்கீலானார். முதல் வழக்கு ஒரு பன்றிக்காக. அடுத்தவன் சோளத்தைத் தின்றுவிட்டு மாட்டிக்கொண்ட பன்றி. ஜெயித்துக்கொடுத்தார். பீஸாக அந்தப் பன்றியையே கொடுத்துவிட்டார்களாம். பிறகு சட்டசபைக்கு நின்றார், கவர்னரானார், ஊரையே கிழித்துக்கொண்டு ஒரு கால்வாய் வெட்டினார். வெட்டி முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. படகு ஒன்றும் ஓடவில்லை. நம் பக்கிங்காம் கால்வாயாவது அத்திப்பட்டுப் பக்கம் நாலு விறகுப் படகைப் பார்த்தது.

எங்களை அதிகம் யோசிக்கவைத்தது ஒன்றுதான். நமக்குத் தெரிந்த கவர்னர் மேலேயிருந்து வந்து மாளிகையில் இறங்குகிறவர். இந்தக் கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டு வைத்துக்கொள்வார்களாம். பிடிக்காவிட்டால் அவர்களே இறக்கிவிடுவார்களாம்.

எல்லப்பன் வேறொன்றைப் பிடித்துக்கொண்டான்.

"தோல் கெடங்குல நின்னவனா மாமு? நம்ப புளியந்தோப்பு ஆளுங்கோ மாரியா?"

"அப்படித்தான் துரை சொன்னார்."

"அப்ப நம்ப பேஜாரு இன்னான்னு அவுருக்கு தெரிஞ்சிருக்கும்" என்றான். அவன் முகம் அவ்வளவு தெளிந்து நான் அந்த இரண்டு மாதத்தில் பார்க்கவில்லை.

கடைசியாக ஸ்டோர்காரர்கள் ஒரு துண்டு கொடுத்தார்கள். தூக்குத் தண்டனைக் கைதி ஒருவன் கவர்னரிடம் கருணை கேட்டான், அவன் தாய் பனியில் நடந்தே வந்தாள். அதற்கு மேல் டெலிபோன் மணி அடித்துவிட்டது. அந்த இடத்திலிருந்து மீதியை நாங்களே எழுதிக்கொண்டோம். தோல் கிடங்கில் வேலை செய்தவர், ஏழையின் பிள்ளை. தாய் வந்து கேட்டால் மன்னிக்காமல் என்ன செய்வார்? கவர்னராக ஞானமுத்து. கைதியாக எல்லப்பனே. முன்வரிசையில் துரை. மேடையில் கவர்னர் மன்னிக்கும்போது கீழே துரைக்கும் உறைக்காதா?

பொரியாகப் பெய்த பனி

கோதண்டம் வாத்தியாருக்குத் தெரிந்ததெல்லாம் ராஜா நாடகம். அதனால் கவர்னருக்கு ஒரு தர்பார் வந்தது, மந்திரி வந்தார், இரண்டு சேவகர்கள் வந்தார்கள். வழக்கு மன்றத்தில் பன்றி ஒரு பாட்டுப் பாடியது. கால்வாய் வெட்டும் காட்சிக்குக் கும்மி. சணலில் பின்னிய தாடி ஞானமுத்துவின் வயிறுவரை தொங்கியது. பேசும்போதெல்லாம் நாலு சணல் அவர் வாய்க்குள் போகும். துப்பிவிட்டு வசனத்தைத் தொடர்வார்.

பனிக்கு என்ன செய்வது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பூஜைக்கு மூட்டை மூட்டையாகப் பொரி வந்து இறங்கியதும் வழி கிடைத்தது. மேலே உத்தரத்தில் இருவர் உட்கார்ந்து பொரியைத் தூவினார்கள். அருமையாகப் பெய்தது. ஆனால் முன்வரிசைக் குழந்தைகள் மேடையேறிப் பனியைப் பொறுக்கித் தின்னத் தொடங்கிவிட்டன. யாரோ ஒருவர் கடலை இல்லையா என்று கேட்டார்.

துரை சந்தோஷத்தில் மிதந்தார். காலையிலேயே யாரோ மிஷின்களுக்கு வைத்த சந்தனம் குங்குமத்தில் கொஞ்சம் எடுத்துக் கவர்னர் படத்துக்கும் வைத்துவிட்டிருந்தார்கள். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பன்றி பாடியபோது எழுந்து நின்று கைதட்டினார். எல்லாம் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது.

இடைவேளையில் விழுந்த இடி

இடைவேளையில் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

"அடுத்து அந்தத் தூக்குத் தண்டனைக் காட்சிதானே?" என்றார் ஆங்கிலத்தில். "எங்கள் குடும்பத்துக்கே பெருமையான கட்டம். அந்தத் தாய் காலில் விழுந்தாள், ஊரே கெஞ்சியது. கொள்ளுத்தாத்தா அசையவில்லை. சட்டம் சட்டம்தான் என்றார். பதவியில் இருந்தவரை ஒருவரையும் மன்னித்ததில்லை. என் தகப்பனார் இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்."

கழுத்துத் தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உள்ளே ஓடினேன்.

நான் சொன்னதைக் கேட்டு ஞானமுத்து அப்படியே ஒரு டப்பா அடுக்கின் மேல் உட்கார்ந்தார். "மன்னிச்சுட்டோம்னா அவரு குடும்பத்தையே கேலி பண்ணுன மாதிரி ஆயிடும். நம்ம எல்லார் சீட்டையும் சேத்துக் கிழிப்பாரு."

"மன்னிக்கலேன்னா எல்லப்பன் கதி?" என்றேன்.

"மங்களம் இல்லாம எம்மேடையில படுதா விழாது" என்று வாத்தியார் வேறு முரண்டு பிடித்தார்.

எல்லோரும் எல்லப்பனைப் பார்த்தோம். கழுத்தில் சரக்குக் கட்டும் கயிற்றைச் சுருக்காகப் போட்டுக்கொண்டு அவன் சும்மா நின்றான்.

"தோல் கெடங்குல நின்னவன் மாமு" என்றான் என்னிடம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அப்புறம் ஞானமுத்துவிடம், "தூக்குல போடு சார். என்னால நீங்கள்லாம் ஏன் கெட்டுப்பூடணும்?" என்றான்.

வெளியே மணி அடித்துவிட்டார்கள்.

குப்பம்மாவின் ஓட்டு

படுதா விலகியது. தர்பாரில் கவர்னர். எதிரே கயிற்றோடு கைதி. பக்கத்தில் நான். தாய் வேஷக்காரர் வந்து அழுதார். கவர்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுதிவைத்த வசனத்தையெல்லாம் விட்டுவிட்டுக் காலில் விழுந்தேன். தாலியைக் கையில் ஏந்தினேன். "சுவாமி! இந்த மஞ்சள் கயிற்றின் மேல் ஆணை! அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள்!" அது நடிப்பில்லை, நிஜமாகவே கெஞ்சினேன். ஞானமுத்துவின் கண்ணிலும் தண்ணீர். ஆனாலும் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே, படத்தில் இருப்பதுபோல் வலது கையை உயர்த்தி, "மன்னிப்புக் கிடையாது! சட்டம் சட்டம்தான்!" என்றார்.

துரை துள்ளி எழுந்து கைதட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

மற்ற ஜனங்களுக்குக் கைதி வேஷத்தில் நிற்பது யார் என்று தெரியாதா? எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! "டேய் கவர்னரு! கீழ எறங்குடா!" பொரி கைப்பிடி கைப்பிடியாக மேடைமேல் வந்து விழுந்தது. அதற்குள் ஒரு பெண்மணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறிவிட்டார். கம்பெனி கேட்டில் மீன்கூடை வைத்திருக்கும் குப்பம்மா. கடலோரக் குப்பத்துக்காரர். அவர் புருஷன் எங்களிடம் மூட்டை தூக்குகிறவர்.

நேரே போய்க் கவர்னரின் தாடியைப் பிடித்து இழுத்தார். தாடி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

"இன்னா நெனச்சிகினு கீற நீ? எங்கூட்டுக்காரன் விடியறதுக்குள்ள போறான், இருட்டினப்பறம் வரான். எங்க சின்னதுக்கு அப்பன் மூஞ்சே தெரியாது. அன்னிக்கி ஒரு நாளு, இந்த எல்லப்பன் சங்கு ஊதுனதால வெளிச்சத்துல வூட்டுக்கு வந்தான். கொயந்தையத் தூக்கிகினு கடலாண்ட போனான். அலைய காட்டினான். அதுக்காடா தூக்கு? அடுத்த தபா ஓட்டு கேட்டுகினு எங்க குப்பத்துக்கு வா, அப்ப வச்சிக்கிறேன்!"

ஞானமுத்து தாடையைத் தடவிக்கொண்டு, "நான் இல்லம்மா... கவர்னரு..." என்று முனகினார்.

கூட்டம் அடங்கிவிட்டது. துரை என்னைப் பார்த்து, அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மேடை ஓரத்தில் நின்று, ஒரு வார்த்தை குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். குழந்தைக்கு அலையைக் காட்டியதையும் சொன்னேன், ஓட்டையும் சொன்னேன்.

துரை குப்பம்மாவின் கையிலிருந்த தாடியையே பார்த்தார். அப்புறம், "போடவில்லை" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அடுத்த தேர்தலில் கொள்ளுத்தாத்தாவுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. அவர் பிறந்த ஊரிலேயே போடவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்." தொப்பியைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். "நாளை மறுநாள் அவனை வேலைக்கு வரச் சொல்லுங்கள். பாய்லர் ரூமுக்கு ஒரு நல்ல கடிகாரமும் வாங்கச் சொல்லுங்கள்."

அதை நான் தமிழில் உரக்கச் சொன்னேன். விசில் கிளம்பியது. எல்லப்பன் மட்டும் கயிற்றைக் கழற்றாமல் என்னையே பார்த்தான்.

"நெஜமாவா மாமு? இல்ல நாடகத்துலயா?"

"நெஜமாத்தாண்டா."

அப்படியே மேடையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

பின்வரிசை ஜனங்களுக்கு என் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. துரையும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று நினைத்துவிட்டார்கள். எல்லப்பன் அழுத அழுகையைப் பார்த்து மெய்மறந்து, "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். நல்ல கட்டத்தை இரண்டாம் தரம் நடிக்கச் சொல்லிக் கேட்பது எங்கள் ஜனங்களின் உரிமை. நடிக்காமல் மேடையை விட்டு இறங்கவும் முடியாது.

"என்ன கேட்கிறார்கள்?" என்றார் துரை.

"இன்னொரு தரம் மன்னிக்கச் சொல்கிறார்கள், சார்."

துரை ஒரு கணம் திகைத்தார். பிறகு தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு மேடையேறினார். பொரியை மிதித்துக்கொண்டு நடுவில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வலது கையை உயர்த்தி எல்லப்பனை மறுபடி மன்னித்தார். எல்லப்பன் இரண்டாம் தரமும் நிஜமாகவே அழுதான்.